வானத்திலிருந்து ஏரி தெரியும், போர்வெல் தெரியாது

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. இன்னொரு போர் போடலாமா, அல்லது இருக்கிற போரை ஆழப்படுத்தலாமா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கால் மணி நேரம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். வேலையில் இருந்த காலம் முழுவதும் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் தயாரித்தவன் என்பதால் இந்த வாய்ப்பு எனக்கு வந்தது.

“இவ்வளவு ராக்கெட் விடுகிறார்களே சார், நமக்குக் கீழே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று அதில் பார்த்துச் சொல்லிவிட முடியாதா?” என்று லிஃப்டில் பார்க்கும்போது பலர் கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரியில் எவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் நிற்கிறது என்று செயற்கைக்கோளால் சொல்ல முடியும். ஒரு மாநிலம் அளவுக்குப் பெரிய நிலப்பரப்பில் நிலத்தடி நீர் குறைகிறதா என்றும் சொல்ல முடியும். நம் போரில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. அதை நாம்தான் அளக்க வேண்டும். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

2019-ல் பார்த்த படங்கள்

2019 கோடையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அடுத்தடுத்து வறண்டன. நான்கும் நிரம்பினால் 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். அந்த ஜூனில் அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு முதல் ரயில் வந்தது.

அப்போது எல்லோருடைய கைப்பேசிக்கும் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று 2018-ல் புழல் ஏரி. இன்னொன்று அதே ஏரி 2019-ல். முதல் படத்தில் அகன்ற கரும்பச்சைப் பரப்பு. இரண்டாவதில் நடுவில் சிறிது ஈரம், சுற்றிலும் வெளிறிய மண். உலகம் முழுவதும் பத்திரிகைகள் அந்தப் படங்களைப் போட்டன.

ஆனால் அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இன்னும் எத்தனையோ படங்கள் எடுக்கப்பட்டிருந்தன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஒரே இடத்தை ஐந்து நாளைக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. ஏரி சுருங்கிக்கொண்டே போனது மாதா மாதம் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. எவரும் இலவசமாகப் பார்த்திருக்கலாம். நமக்கெல்லாம் அந்தப் படம் கைக்கு வந்தபோது தண்ணீர் லாரிக்கு முன்பதிவு செய்து நாள்கணக்கில் காத்திருந்தோம். படம் இருந்தால் மட்டும் போதாது, அதை வேளையோடு பார்க்க ஆள் வேண்டும் என்பதுதான் அந்த ஆண்டு நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஒரு புள்ளி, அரை கிரவுண்டு

இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தைக் கண்காணிப்பதற்கென்றே அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 ஜூலையில் போனது. அந்த வரிசை இன்று வரை தொடர்கிறது. 2008-லிருந்து அதன் பழைய படங்கள் அனைத்தும் எல்லோருக்கும் இலவசம். நம் இஸ்ரோவின் ஐ.ஆர்.எஸ். தொலையுணர்வு வரிசையில் முதல் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச்சில் விண்ணுக்குப் போனது. அந்த வரிசையில் வந்த ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களின் தரவுகளை ஐதராபாத்தில் உள்ள தேசியத் தொலையுணர்வு மையம் கையாள்கிறது. ‘புவன்’ இணையதளத்தை நடத்துவதும் அந்த மையம்தான்.

செயற்கைக்கோள் படம் என்றதும் கார் நிற்பது, மொட்டை மாடியில் துணி காய்வதெல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். அவ்வளவு நுணுக்கமான படங்கள் விலை கொடுத்து வாங்குபவை. அடிக்கடி எடுக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கும் படங்கள் வேறு மாதிரி. சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். சதுர அடியில் சொன்னால் சுமார் 1,076. அதாவது கிட்டத்தட்ட அரை கிரவுண்டு. நம் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று முழுவதும் ஒரே ஒரு புள்ளி. லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ நான்கு கிரவுண்டு. அந்த நான்கு கிரவுண்டில் பாதி தண்ணீர், பாதி கட்டடம் என்றால் இரண்டும் கலந்த ஒரு நிறம்தான் கிடைக்கும்.

இந்தக் கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்கின்றன. பச்சை இலை அகச்சிவப்பு ஒளியை அள்ளித் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை விழுங்கிவிடும். ஆகவே அகச்சிவப்புப் படத்தில் செடி கொடிகள் பளிச்சென்றும் தண்ணீர் மை கொட்டியது போலக் கறுப்பாகவும் தெரியும். இப்படிக் கறுப்பாகத் தெரியும் புள்ளிகளை எண்ணிப் பரப்பால் பெருக்கினால், அன்றைக்கு ஏரியில் எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் நின்றது என்று தெரிந்துவிடும்.

இந்த வசதியால் பழைய கதையையும் பார்க்கலாம். 1980-களிலிருந்து 30 மீட்டர் அளவிலான படங்கள் இருக்கின்றன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வரிசையாகப் பார்த்தீர்களானால் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதை எப்படி நாலா பக்கமும் நெருக்கின என்பது தெரியும். 2022-ல் அது ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. மிச்சமிருப்பதைத்தான் அப்படிக் காப்பாற்ற முடிந்தது. அதே படங்களில் நம் குடியிருப்பு நிற்கும் இடமும் இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள். மழைக்காலத்தில் நம் பேஸ்மென்டில் ஏன் தண்ணீர் ஏறுகிறது என்பதற்குப் பாதி பதில் அதில் கிடைக்கும்.

படம் ஏமாற்றும் இடங்கள்

இனி இந்தப் படங்களின் குறைகளைச் சொல்கிறேன். ஏரிக்காக நாம் மனு எழுதும்போது யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஆகாயத்தாமரை. நம் பின்பக்கத்து ஏரியில் பாதிக்கு மேல் அதுதான் படர்ந்திருக்கிறது. மேலேயிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அது இலை. இலைக்கு அடியில் தண்ணீர் இருப்பது அதற்குத் தெரியாது. ஏரி வற்றிவிட்டதாகக் கணக்கு காட்டும். கரையில் நடந்து பார்த்த ஆள்தான் அதைத் திருத்த முடியும்.

இரண்டாவது, ஆழம். சாதாரணப் படம் பரப்பைத்தான் காட்டும். தூர் வாராமல் வண்டல் சேர்ந்த ஏரி, படத்தில் நிரம்பி வழிவது போல அழகாக இருக்கும். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். நீர்மட்டத்தின் உயரத்தை அளக்கவென்று 2022 டிசம்பரில் ‘ஸ்வாட்’ என்ற செயற்கைக்கோளை அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் சுமார் 15 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்நிலைகளுக்குத்தான். தண்ணீரின் மேல்மட்டத்தைச் சொல்லுமே தவிர அடியில் எவ்வளவு வண்டல் என்று சொல்லாது.

மூன்றாவது, மேகம். நமக்கு மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஏரி எப்படி நிரம்புகிறது என்று பார்க்க ஆசைப்படும் அந்த மூன்று மாதமும் வானம் மூடிக்கிடக்கும். படத்தில் வெள்ளை வெளேரென்று மேகம்தான் இருக்கும். இதற்கு ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. சென்டினல்-1, நம்முடைய இ.ஓ.எஸ்-04, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நாசா-இஸ்ரோ கூட்டுத் தயாரிப்பான நிசார் ஆகியவை இந்த வகை. இவை மேகத்தைத் தாண்டியும் இருட்டிலும் பார்க்கும். வெள்ளம் சூழ்ந்த வயல்வெளியை நன்றாகக் காட்டும். ஆனால் கட்டடங்கள் நெருங்கிய தெருக்களில் ரேடார் அலை சுவரில் பட்டுத் திரும்புவதால் தெருவில் நிற்கும் தண்ணீரைச் சரியாகப் பிரித்தறிய முடிவதில்லை. மிக்ஜாம் புயலில் நம் கார் பார்க்கிங்கில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதற்குச் சாட்சி நம் வாட்ச்மேன் தூணில் போட்ட கோடுதான்.

நான்காவதுதான் மிக முக்கியம். ஏரி நிரம்புவது அதன் வரத்துக் கால்வாயைப் பொறுத்தது. அந்தக் கால்வாய் பல இடங்களில் நான்கைந்து மீட்டர் அகலம்தான். அரை கிரவுண்டு அளவுள்ள புள்ளிக்குள் அது கரைந்துபோய்விடும். கட்டடக் கழிவைக் கொட்டி யாராவது அதை அடைத்தால் படத்தில் தெரியாது. அடுத்த ஜனவரியில் ஏரி நிரம்பவில்லை என்பது மட்டும் தெரியும்.

பூமியின் எடையை அளந்து

இப்போது நிலத்தடி நீருக்கு வருகிறேன். மண்ணுக்குள் எந்தக் கேமராவும் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் தண்ணீருக்கு எடை உண்டு. எடை இருந்தால் ஈர்ப்பு விசை உண்டு. 2002-ல் நாசாவும் ஜெர்மனியும் சேர்ந்து ‘கிரேஸ்’ என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை அனுப்பின. ஒன்றின் பின்னால் ஒன்றாக, சுமார் 220 கி.மீ. இடைவெளியில் இரண்டும் பறந்தன. கீழே எடை அதிகமுள்ள பகுதியை நெருங்கும்போது முன்னால் போவது கொஞ்சம் முன்னே இழுக்கப்படும், இடைவெளி கூடும். பின்னால் வருவது நெருங்கும்போது மறுபடியும் குறையும். தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய மாற்றத்தையும் அளந்தார்கள். மாதா மாதம் அளந்ததால் எந்தப் பகுதியில் எடை குறைகிறது என்று தெரிந்தது. ஏரி, ஆறு, மண் ஈரம் ஆகியவற்றின் கணக்கைக் கழித்தால் மிச்சம் நிலத்தடி நீர். அந்த ஜோடி 2017-ல் ஓய்ந்தது. 2018-ல் போன அடுத்த ஜோடி இந்தப் பணியைத் தொடர்கிறது.

இந்த அளவீட்டை வைத்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. ராஜஸ்தான், பஞ்சாப், டெல்லி உள்ளிட்ட ஹரியானா பகுதிகளில் 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்துவிட்டது என்று அது சொன்னது. 109 கன கிலோமீட்டர் என்றால் எவ்வளவு? நம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பி நிற்கும்போது உள்ள தண்ணீரைப் போலச் சுமார் 340 மடங்கு. அந்த ஆண்டுகளில் அங்கே மழை பெரிதாகக் குறையவில்லை. மழை பெய்தும் நீர் குறைந்தது. காரணம், மோட்டார் போட்டு இறைத்தது, பெரும்பாலும் பாசனத்துக்காக.

இதை நாம் கவனிக்க வேண்டும். “இந்த வருஷம் நல்ல மழை, போரில் தண்ணீர் இருக்கும்” என்று சொல்லிக்கொள்வது எப்போதும் சரியாக இருக்காது. வருவதைவிட எடுப்பது அதிகமானால் நல்ல மழை ஆண்டிலும் மட்டம் இறங்கும்.

ஆனால் கிரேஸ் நம் போரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சுமார் 300 கி.மீ.க்குக் குறைவான இடங்களை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. சென்னைக்கும் பெங்களூருவுக்கும் உள்ள தூரத்தை ஒரு பக்கமாக வைத்து ஒரு சதுரம் போடுங்கள். காஞ்சிபுரம், வேலூர், திருப்பதி எல்லாம் அந்த ஒரே சதுரத்துக்குள் வந்துவிடும். அவ்வளவு பேருடைய கிணறுகளுக்கும் சேர்த்து ஒரே எண். அதனால்தான் மத்திய நிலத்தடி நீர் வாரியம் இன்னமும் ஆண்டுக்கு நான்கு முறை ஆட்களை அனுப்பி நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கிணறுகளில் நாடா விட்டு அளக்கிறது. செயற்கைக்கோள் கணக்கு சரிதானா என்று சரிபார்ப்பதற்கும் அந்தக் கிணற்றுக் கணக்குதான் உதவுகிறது.

நாம் செய்யக்கூடியவை

மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, போரின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை அளப்பது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பு, இரவு முழுவதும் நிறுத்தி வைத்த பிறகு. தண்ணீரைத் தொட்டதும் ஒலி எழுப்பும் அளவு நாடா கிடைக்கிறது. குழாயின் மூடியில் அது போகிற அளவுக்கு ஒரு துளை விட எலக்ட்ரீஷியனிடமோ பிளம்பரிடமோ சொன்னால் போதும். கூடவே டி.டி.எஸ். அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். நம் போர் போட்ட நாளிலிருந்து இன்று வரை இந்தக் கணக்கு ஒரு நோட்டிலும் இல்லை. மோட்டார் காற்று இழுக்கும் அன்றுதான் நமக்கு விஷயம் தெரிகிறது.

இரண்டாவது, ஏரியின் செயற்கைக்கோள் படத்தைக் காலாண்டுக்கு ஒரு முறை பார்ப்பது. கோப்பர்நிகஸ் பிரவுசர் என்ற தளத்தில் சென்டினல் படங்கள் தேதிவாரியாக இருக்கின்றன. கூகுள் எர்த்தில் பழைய படங்கள் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போகிற யாரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். போன மாதப் படத்தோடு இந்த மாதப் படத்தை ஒப்பிட வேண்டாம், கோடையில் எந்த ஏரியும் சுருங்கத்தான் செய்யும். இந்த ஜனவரியைப் போன ஜனவரியோடு, இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

மூன்றாவது, நடப்பது. பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு நாள், மழை முடிந்து ஜனவரியில் ஒரு நாள், ஏரிக்கரையிலும் வரத்துக் கால்வாய் ஓரத்திலும் நடந்து பார்ப்போம். எங்கே அடைப்பு, கலங்கல் எப்படி இருக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று தேதியோடு புகைப்படம் எடுப்போம். அன்றைக்கே நம் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளின் மூடியையும் திறந்து பார்ப்போம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். நம்மிடமும் தொட்டி இருக்கிறது. அதற்குள் மணல் அடைத்திருக்கிறதா, தண்ணீர் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

இந்த மூன்றையும் ஒரு வருடம் சேர்த்து வைத்தால் நம் கையில் ஓர் ஆவணம் இருக்கும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே சட்டம் இருக்கிறது. ஏரியின் எல்லை எது என்பதை வருவாய்த் துறைப் பதிவேடும் புல வரைபடமும்தான் தீர்மானிக்கும், செயற்கைக்கோள் படம் தீர்மானிக்காது. ஆனால் “ஏரி சுருங்குகிறது ஐயா” என்று வெறுமனே எழுதும் மனுவுக்கும், இந்தத் தேதியில் இவ்வளவு, அந்தத் தேதியில் அவ்வளவு, கால்வாயில் இந்த இடத்தில் அடைப்பு என்று படங்களோடு கொடுக்கும் மனுவுக்கும் வித்தியாசம் உண்டு. தள்ளி வைப்பது கடினம்.

புதிய போர் பற்றி

கடைசியாக, நாம் முடிவெடுக்க வேண்டிய விஷயம். தென் சென்னையின் உள்பகுதியில் நம்மைப் போல இருக்கும் பல இடங்களில் கீழே கடினப் பாறை. மேலே மக்கிய பாறை அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர். ஆழம் போனால் வெடிப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தாலும் அது பக்கத்துக் குடியிருப்பும் உறிஞ்சுகிற அதே தண்ணீராக இருக்கக்கூடும். கடலோரத்து மணல் பகுதிகளில் அதிகம் இறைத்தால் உப்பு நீர் உள்ளே வரும். மேலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை நகரிலும் அதில் பட்டியலிட்ட சுற்றுவட்டார ஊர்களிலும் கிணறோ போரோ போட முன் அனுமதி வேண்டும். “ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிடலாம்” என்று ரிக் வண்டிக்காரர் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் பதில் சொல்ல வேண்டியது சங்கம்.

போர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீடுகள் இவை. தண்ணீர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. ஆனால் சில லட்சங்களைப் பாறைக்குள் இறக்குவதற்கு முன்னால், இப்போதிருக்கும் போரின் மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்வது நியாயம்தானே? இந்தக் கோடை முடிந்து பருவமழையும் முடியும் வரை, அதாவது ஜனவரி வரை அளப்போம். மழைக்குப் பிறகு ஏரியும் நிரம்பி, போரின் மட்டமும் ஏறினால், சேகரிப்பைச் சீர்செய்வதில் பணத்தைப் போடலாம். ஏரி நிரம்பியும் போரின் மட்டம் ஏறவில்லையென்றால் நாம் எடுப்பது அதிகம் என்று பொருள். அப்போது வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பது பற்றிப் பேச வேண்டும். ஏரியே நிரம்பவில்லையென்றால் கால்வாயை நோக்கி நடக்க வேண்டும்.

இந்த வேலைக்கு நான்கு பேர் தேவை. அளவு நாடா பிடிக்க இருவர், படம் பார்க்க ஒருவர், நோட்டில் எழுத ஒருவர். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். நோட்டில் பதிவாகும் எண்களை இந்தக் காலாண்டு மடலின் ஒவ்வோர் இதழிலும் ஒரு கட்டம் போட்டு வெளியிட வேண்டும் என்று ஆசிரியர் குழுவையும் கேட்டுக்கொள்கிறேன். மெயின்டனன்ஸ் கணக்கைப் பார்ப்பது போல அதையும் ஒரு நிமிடம் பாருங்கள்.